கஞ்சி குடித்த இயந்திரம்

மனித முதுகின் காலம் இந்த ஆடிக் கிருத்திகையோடு முடிகிறது என்று ஜெயப்பிரகாஷ் அறிவித்தபோது, அதைக் கேட்க அரக்கோணம் ரோடு டீக்கடையில் வீராசாமியும் ஒரு நாயும்தான் இருந்தார்கள்.

“சும்மா சொல்லல பாவா. ஆதி காலத்துலேர்ந்து மனுஷன் முதுக வளைச்சுத் தூக்கிகினே வந்துட்டான். போதும். இனிமே முதுகு சாய்ஞ்சு உட்கார்றதுக்குத்தான். தூக்கற வேலைய தண்ணி பாத்துக்கும்.”

சொன்ன முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எவ்வளவு பெரிய புளுகையும் இரங்கல் செய்தி வாசிப்பவனைப்போலச் சொல்வது அவன் வழக்கம். மெக்கானிக்கல் கடைசி வருடத்தில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்றால் அது அதனால் வந்ததுதான், படிப்பால் அல்ல.

“தண்ணி தூக்குமா?” வீராசாமி டீயை ஆற்றினான். “எங்க தெருவுல தண்ணியையே நாமதான்டா தூக்கிகினு போறோம்.”

வீராசாமி அவனுடைய அத்தை மகன். மஞ்சள் வேட்டியும் கழுத்தில் மாலையுமாக இருந்தான். மற்ற நாட்களில் திருத்தணியிலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறிக் கொட்டகைகளில் பீம் ஏற்றுகிறவன். பீம் என்பது தறிக்குப் பின்னால் மாட்டுகிற இரும்பு உருளை. நெசவில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் முழுசாகச் சுற்றி வந்தால் இரண்டு பெரிய ஆள் கனம் இருக்கும். தரையில் உருட்டிக்கொண்டு போய்விடலாம். தூக்கித் தறியின் தாங்கியில் உட்கார வைக்கத்தான் நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் இப்போது மாலை போட்டு விரதத்தில் இருந்தார்கள். காவடி ஏறப்போகிற தோளில் வேறு சுமை ஏறக் கூடாது என்பது அவர்கள் கூட்டத்தின் கட்டு. கிருத்திகை முடிந்து மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் மறுபடி பீம்.

ஜெயப்பிரகாஷ் வீட்டுப் பீமுக்கு இந்தக் கட்டெல்லாம் தெரியவில்லை. முந்தின நாளே வந்துவிட்டது. வேன்காரன் கொட்டகை வாசலில் உருட்டிவிட்டுப் போய்விட்டான்.

“நீங்க பாட்டுக்கு லீவு உட்டுட்டா எப்படி பாவா? எங்க நைனா சும்மா இருப்பாரா?”

வீராசாமியின் முகம் மாறியது. “மாமா கண்ணுல காட்டாதீங்கடா. மூடி வைங்க.”

“மூடித்தான் வெச்சிருக்கோம். தார்ப்பாயத் தூக்கித் தூக்கிப் பாக்கறாரு.”

சிக்கல் அதுதான். அவனுடைய நைனா நாகராஜனுக்கு மாசி மாதம் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னொரு தடவை கனம் தூக்கினால் கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காது என்று டாக்டர் நிதானமாகச் சொல்லி அனுப்பினார். நாகராஜனும் அதை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஒரு தறி நின்றுபோனால் அவருடைய நிதானமும் நின்றுபோகும். நாலு தறியில் ஒன்று பாவு தீர்ந்து நிற்க, மற்ற மூன்றின் சத்தம் அவருக்குப் பல் விழுந்த வாய் பேசுவதுபோல் கேட்டது. சோறு இறங்கவில்லை. “நாலு பேரு எதுக்கு? ஒரு பக்கம் ஹேமா, ஒரு பக்கம் நானு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஏத்திடலாம்” என்று ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் காவல் போட்டார்கள். அம்மா வள்ளியம்மாள் சமையற்கட்டிலிருந்தபடி ஒரு கண். தறி ஓட்டுகிற அக்கா ஹேமாவதி கொட்டகையிலிருந்தபடி ஒரு கண். அப்படியும் அன்று காலையிலேயே ஒரு தடவை ஹேமாவதியிடம் பிடிபட்டார்.

“நைனா, அங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?”

“தொட்டுப் பாத்தேம்மா. நூல்ல ஈரம் ஏறிச்சான்னு.”

“ரெண்டு கையாலயா தொடுவாங்க? அதுவும் குந்திகினு?”

இந்த நிலைமையில்தான் ஜெயப்பிரகாஷ் மனித குலத்துக்கு விடுதலை அறிவித்தான். கையில் ஆதாரமும் இருந்தது. காலேஜ் கண்காட்சியில் சிரிஞ்சுகளை வைத்து அவன் செய்த ஹைட்ராலிக் லிஃப்ட் துறைத்தலைவரின் டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டியது. ஒற்றை டப்பாதானே என்று சிலர் சொன்னார்கள். அன்றைக்கு அதில் தயிர்சாதம் இருந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் வாதாடினான்.

சங்கதி சிறியதுதான். ஒரு சின்னக் குழாயில் தண்ணீரை அமுக்கினால் அந்த அழுத்தம் அப்படியே பெரிய குழாய்க்கும் போய்ச் சேரும். பெரிய குழாயின் வாய் அகலம் என்பதால் அங்கே தூக்குகிற பலம் பல மடங்கு. அதற்குப் பதிலாகச் சின்னது பல தடவை இறங்கி ஏறினால்தான் பெரியது ஒரு விரற்கடை உயரும். அவசரக்காரர்களுக்கு ஆன யந்திரம் அல்ல. அவசரக்காரர் ஒருவருக்காகத்தான் அவன் அதைச் செய்தான்.

பள்ளிப்பட்டுப் பக்கம் கழற்றிப்போட்ட அடிபம்பு உருளைகள் இரண்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. உள்ளே தண்ணீர் மேலே கசியாமல் பிடிக்கிற தோல் வாஷரைப் புதிதாகப் போட்டான். அரக்கோணத்தில் ஒரு லேத் பட்டறையில் தண்டு கடைந்து வாங்கினான். உருளைகளைத் தறியின் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகக் கோல் போஸ்ட்போல் நிறுத்தி, தண்டுகளின் தலையில் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் வைத்தான். சட்டத்திலிருந்து இரண்டு சங்கிலி, சங்கிலி நுனியில் கொக்கி. கொக்கிகள் பீமின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அடிக்க, நீள ரப்பர் குழாய் கோத்த, பயிருக்கு மருந்து தெளிக்கிற கைப்பம்பு. இறக்க ஒரு திருகு குழாய்.

நாகராஜன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். “நல்லாத்தான் கீது. நடுவுல ஒரு ஆளு லேசா கை குடுத்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றார்.

“அந்த ஆளு நீங்க இல்ல நைனா.”

“நான் பொதுவா சொன்னேன்.”

தண்ணீர் ஊற்றி அடித்த முதல் அடியிலேயே இரண்டு உருளைகளும் அழுதன. தோல் வாஷரின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து தண்டு வழியே மேலே வந்து கொட்டகைத் தரையை நனைத்தது. சட்டம் ஒரு விரல் ஏறி, பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது.

“தண்ணி மெலிசா கீது,” என்றான் ஜெயப்பிரகாஷ், தண்ணீரின் மேல் குற்றம் கண்டுபிடித்த முதல் ஆளாக. அவன் பார்வை பின்கட்டுக்குப் போனது. அங்கே அம்மா, சித்தப்பா வீட்டுக் கைத்தறிப் பாவுக்காகக் கஞ்சி காய்ச்சி ஒரு அண்டா நிறைய வைத்திருந்தாள். புளித்த கஞ்சிதான் நூலில் நன்றாக ஒட்டும் என்று இரண்டு நாளாக ஊறுகிற கஞ்சி.

“டேய், ஹைட்ராலிக் ஆயில்னு ஒண்ணு கடையில விக்கிதுடா,” என்றாள் ஹேமாவதி.

“அது நெசவாளி இல்லாத ஊர்ல கண்டுபுடிச்சதுக்கா.”

உருளைகளில் ஊற்றிய கஞ்சி கசியவில்லை. அடிக்க அடிக்க, வெள்ளைக் கோடு ஒன்று வாஷரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சோதனைக்கு ஒரு நூல் மூட்டையைக் கொக்கியில் மாட்டி, ஹேமாவதி பம்ப் அடித்தாள். மூட்டை தரையை விட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. “ம்ம்ம்... ஆங்... ஆங்... உடாத, உடாத...”

நாகராஜன் நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தார். முழங்கால் விரிந்து, இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்தபடி நீண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காற்றில் எதையோ தூக்கிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாசலில் நின்ற அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிடித்த கரண்டியோடு கையை ஏந்தியிருந்தாள்.

இந்தத் தெருவில் இது பழைய வழக்கம். யார் எதைத் தூக்கினாலும் பார்க்கிறவர்கள் எல்லோரும் தூக்குவார்கள். லாரியில் பீரோ ஏறினால் எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்றபடி முக்குவார். பீம் ஏறுகிற நாளில் நாலு பேர் தூக்க, இருபது பேருக்கு வியர்க்கும். பீம் உட்கார்ந்ததும் அந்த இருபது பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொம்புத் தண்ணீர் கேட்பார்கள்.

“நைனா, தூக்கின காத்த மொதல்ல எறக்கி வைங்க,” என்றான் ஜெயப்பிரகாஷ் முகம் மாறாமல். “பாத்து. கால் மேல போட்டுக்கப் போறீங்க.”

நாகராஜன் கையை மடியில் வைத்துக்கொண்டார். “தானா வருதுடா.”

“மெஷினுக்கு இதெல்லாம் வேணாம் நைனா. அதுக்குக் கூட முக்கறதுக்கு ஆள் தேவையில்ல. நாளைக்கு பீம் ஏத்தும்போது தூக்காம தூக்கற கோஷ்டி மொத்தமும் வெளிய. நான் ஒருத்தன் கைய கட்டிகினு நிப்பேன். அது பாட்டுக்கு ஏறும்.”

மூட்டை இறங்குகிறதா என்று பார்க்க அதை அப்படியே தொங்கவிட்டு, சட்டம் இருந்த உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது சட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கவில்லை. மேலே ஏறியிருந்தது. யாரும் பம்பைத் தொடவில்லை. ஆனாலும் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

பால் வாங்கப் போகிற வழியில் எட்டிப்பார்த்த வீராசாமி கோட்டைப் பார்த்தான், சட்டத்தைப் பார்த்தான். திரும்பி, மலை இருக்கிற திக்கில் கும்பிட்டான். “அவனே தூக்கி வெச்சிருக்கான்டா.”

ஜெயப்பிரகாஷ் கோட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலை வைத்து அளந்து பார்த்தான். படித்தவன் என்ற முறையில் இது நடக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் நடந்திருந்தது. அதுவும் அவன் செய்த யந்திரத்தில். இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தான்.

“போட்ட சக்திய விட ஜாஸ்தியா திருப்பிக் குடுக்குற மெஷின், உலகத்துலயே இது ஒண்ணுதான் பாவா.”

“இன்னாடா இது, தூளி மாதிரி ஆடுது?” என்றாள் ஹேமாவதி. அவள் மூட்டையின் மேல் கை வைத்து அமுக்கியிருந்தாள். மூட்டை கீழே போய், துள்ளி மேலே வந்தது. அமுக்கினாள். மறுபடி வந்தது. கொட்டகையில் புளித்த வாடை அடித்தது.

உள்ளே வந்த வள்ளியம்மாளுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. “கஞ்சி பொங்கியிருக்குடா. புளிச்சத எடுத்து இறுக்கி மூடி வெச்சா பொங்காம இன்னா பண்ணும்?”

உலகத்தின் ஒரே அதிசய மெஷின் தோசைமாவின் பங்காளியாகிப்போனது. அதைவிட மோசமான ஒன்று அவனுக்குச் சட்டென்று உறைத்தது. உள்ளே இருப்பது இப்போது முக்கால்வாசி கஞ்சி, மிச்சம் காற்று. தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். இதில் பீமைத் தொங்கவிட்டால் அது மூட்டையைப்போல் துள்ளும். துள்ளுகிற பீமைப் பார்த்துவிட்டு நைனா நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். ஓடிவந்து பிடிப்பார். அந்த இடத்தில் அவன் நினைப்பு நின்றது. கை திருகு குழாய்க்குப் போனது.

“மொதல்ல இத தொறந்து உடணும்,” என்றான்.

“மெதுவா தொறடா,” என்றாள் ஹேமாவதி.

அவன் திறந்தான். மெதுவாக இல்லை.

கஞ்சி சீறிக்கொண்டு வந்தது. முதல் பீச்சு ஜெயப்பிரகாஷின் கண்ணில். இரண்டாவது வீராசாமியின் மஞ்சள் வேட்டியில். மூன்றாவது அளவாகப் பிரிந்து அம்மாவின் மேலும் ஹேமாவதியின் மேலும் விழுந்தது. நூல் மூட்டை தொப்பென்று தரைக்கு வந்தது. “வெரதத்துல கீறன்டா! வெரதத்துல கீறன்டா!” என்று கத்திக்கொண்டே வீராசாமி தெருக்குழாய்க்கு ஓட, அம்மா சிரிப்பா திட்டா என்று தெரியாத சத்தத்தோடு பின்கட்டுக்குப் போக, ஹேமாவதி தாவணித் துணி ஒன்றை எடுத்துத் தம்பியின் முகத்தைத் தேய்த்தாள். காவல் காத்த கண்கள் எல்லாவற்றிலும் கஞ்சி இருந்தது.

தேய்த்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

“நைனா!”

ஜெயப்பிரகாஷ் எரிகிற கண்ணைத் திறந்தான். வாசலில் தார்ப்பாய் விலகிக் கிடந்தது. நாகராஜன் பீமின் ஒரு முனைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இரண்டு கையும் இரும்புத் தண்டுக்கு அடியில் போயிருந்தது. தலை குனிந்து, தோள் இறுகி, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கையில் இருந்தது காற்று அல்ல.

அவன் எப்படி அங்கே போனான் என்று பிறகு அவனுக்கே ஞாபகம் வரவில்லை. வழுக்கி விழுந்து, விழுந்த வாக்கிலேயே போய் நைனாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். “உடுங்க நைனா. உடுங்க. நைனா, உட்டுடுங்க.”

“தொட்டுத்தான்டா பாத்தேன்.”

“காலு? கால அசைங்க. அசைச்சுக் காட்டுங்க.”

நாகராஜன் மகனைப் பார்த்தார். புருவத்தில் கஞ்சி, கன்னத்தில் கஞ்சி, அதன் நடுவே கண்ணிலிருந்து வழிந்தது கஞ்சி எரிச்சலால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. எப்போதும் அசையாத அந்த முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அவர் வலது காலை நீட்டி மடக்கினார். இடது காலை நீட்டி மடக்கினார். கட்டைவிரல்களையும் ஆட்டிக் காட்டினார்.

“இன்னும் தூக்கலடா. தூக்கறதுக்குள்ளதான் நீ வந்து வுழுந்துட்ட.”

ஜெயப்பிரகாஷ் தரையில் உட்கார்ந்தான். மூச்சு ஒழுங்குக்கு வர நேரமாகியது. ஹேமாவதி நைனாவின் அக்குளில் கை கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நின்றுபோன தறி மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

“ஒரே ஒரு தடவ தண்ணி ஊத்திப் பாக்கறேன்,” என்றான் கடைசியில். குரலில் அறிவிப்பு எதுவும் இல்லை. “ஆவலன்னா, ஆந்திராப் பக்கம் போயாவது ஆள் இட்டுகினு வரேன். அதுவரைக்கும் நைனா இந்த நாற்காலிய உட்டு எழுந்திருக்கக் கூடாது.”

உருளைகளைக் கழற்றிக் கழுவினான். தண்டை வெளியே இழுத்தபோது தோல் வாஷரைப் பார்த்தவன் அப்படியே நின்றான். போடும்போது கருவாடுபோல் காய்ந்து கிடந்த தோல், ஒரு ராத்திரி ஈரத்தில் ஊறி, தடித்து, மெத்தென்று ஆகியிருந்தது. திரும்பப் போட்டால் உருளையின் சுவரை இறுக்கமாகப் பிடித்தது. கஞ்சி அடைத்தது முதலில் கொஞ்ச நேரம்தான். ராத்திரி முழுக்கத் தாங்கிப் பிடித்தது ஊறிய தோல்தான். முதல் நாளே சும்மா தண்ணீர் ஊற்றிவைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தால் போதும். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றினான். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழெல்லாம் வெளியே வரும்வரை திருகைத் திறந்து திறந்து மூடினான். மூட்டையைத் தூக்கி அமுக்கிப் பார்த்தான். துள்ளவில்லை. வாஷர் ஓரத்தில் ஒரு சொட்டு இல்லை.

ஹேமாவதியும் அவனுமாகப் பீமை உருட்டிக்கொண்டு வந்து தறிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கொக்கிகளை மாட்டினார்கள். ஏறுகிற உயரத்துக்கு ஏற்றபடி அடியில் செருக மரக்கட்டைகளை ஹேமாவதி பக்கத்தில் அடுக்கிக்கொண்டாள்.

“பம்ப் யாரு அடிக்கறது?” என்றாள். “நான் கட்டை வெக்கணும். நீ அந்தப் பக்கம் தாங்கிய பாக்கணும்.”

ஜெயப்பிரகாஷ் கைப்பம்பின் பிடியை அமுக்கிப் பார்த்தான். குழாய்த் தண்ணீர் அடிக்கிற அளவுகூடக் கனம் இல்லை. நாற்காலியைப் பார்த்தான். பிறகு பம்பைத் தூக்கிக்கொண்டு போய், சாய்ந்த முதுகு அசையாமல் கை எட்டுகிற இடத்தில், நாகராஜனின் பக்கத்தில் வைத்தான்.

“சாய்ஞ்சுகினே அடிங்க நைனா. முன்னால வரக் கூடாது.”

நாகராஜன் நம்பாமல் பிடியைத் தொட்டார். ஒரு தடவை அமுக்கினார். எதுவும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். சங்கிலி விறைத்தது. இன்னும் நாலைந்து அமுக்கு. பீமின் ஓரத் தட்டுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கீற்றாக நுழைந்தது.

“ஏறுது,” என்றார் அவர், ரகசியம்போல்.

“அடிங்க, அடிங்க,” என்றாள் ஹேமாவதி, கட்டையைச் செருகிக்கொண்டே.

அவர் அடித்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கைக்கு அதன் தாளம் பிடிபட்டுவிட்டது. முதுகு நாற்காலியில் சாய்ந்தே இருந்தது. வேட்டியை மாற்றிக்கொண்டு வந்த வீராசாமி வாசல் நிலையில் சாய்ந்து வாயைத் திறந்தபடி பார்த்தான்.

“மாமா, தனியாளா பீமு தூக்கிகினு கீறீங்க!”

“பின்ன? உங்க நாலு பேருக்காகக் காத்துகினு இருக்கச் சொல்றியா?” நாகராஜன் அடிப்பதை நிறுத்தவில்லை. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “வள்ளி, டீ போடு. வீராசாமிக்கும் சேத்து. கஞ்சி வாங்கினவனுக்கு டீயாவது குடு.”

பின்கட்டிலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நைனா டீ கேட்டு, குரல் உயர்த்தி, யாரையாவது கிண்டல் செய்து எத்தனை மாதமாயிற்று என்று ஹேமாவதி யோசித்திருக்க வேண்டும். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு, “தாங்கி உயரம் வந்துச்சாடா?” என்று தறிக்கு அந்தப் பக்கம் கேட்டாள்.

குனிந்து பார்த்தாள்.

தாங்கிக்குப் பக்கத்தில் ஜெயப்பிரகாஷ் முழங்காலை விரித்து, பாதி குந்தின மாதிரி நின்றிருந்தான். பீமுக்குக் கீழே, அதைத் தொடாமல், இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்தபடி நீண்டிருந்தன. பல் கடித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நைனா ஒவ்வொரு தடவை பிடியை அமுக்கும்போதும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத அளவுக்கு, “ம்ம்ம்” என்று ஒரு முக்கு முக்கினான்.